மாதிரி விடை

அந்த ஓவன் பொய் சொல்லும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தொழிலை விட்டுப் போன யாரோ விற்றுவிட்டுப் போன பழைய ஓவன் அது. குமிழை நூற்றுத் தொண்ணூறில் நிறுத்தினால் உள்ளே இருநூற்று இருபது டிகிரி இருக்கும். வாங்கிய புதிதில் தட்டுத் தட்டாக ரொட்டி கரியாகிப் போன பிறகுதான் பேக்கரிக்காரர் ஒரு வெப்பமானியை உள்ளே வைத்து அதன் குட்டை உடைத்தார். அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் வீட்டுக்கே அந்தப் பொய் பழகிவிட்டது. "நூத்தித் தொண்ணூறுல வை" என்று அவர் வாசலிலிருந்து குரல் கொடுப்பார். உள்ளே இருக்கிற ஆள் குமிழைத் திருப்புவார். வெளியாள் யாராவது அந்த எண்ணை நம்பி ஒழுங்கான ஓவனில் ரொட்டி சுட்டால் சோகை பிடித்த ரொட்டிதான் கிடைக்கும்.

பேக்கரி கீழே, வீடு மேலே. இரண்டுக்கும் நடுவில் ஒடுக்கமான படிக்கட்டு. எத்தனை முறை பெருக்கினாலும் படியில் மைதா படிந்திருக்கும். மேலேயிருந்து யார் எத்தனை முறை இறங்கினார்கள் என்பதைப் பாதத் தடத்தைப் பார்த்தே அத்தை சொல்லிவிடுவாள். அத்தை என்றால் பேக்கரிக்காரரின் அம்மா. கல்லாவில் உட்கார்ந்து ரொட்டியைத் துண்டு போட்டுக் கட்டிக் கொடுப்பது அவள் வேலை. ஊர் நியாயம் பேசுவது சம்பளமில்லாத இன்னொரு வேலை.

பேக்கரிக்காரரின் மனைவி தொழிற்பயிற்சி நிலையத்தில் பேக்கரி வகுப்பு எடுத்தாள். வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். வாரத்தில் ஒரு நாள் நேரடி வகுப்பு. மற்றதெல்லாம் ஆன்லைன்: பாடம் ஏற்றுவது, அசைன்மென்ட் கொடுப்பது, வந்த பதில்களைத் திருத்தி மார்க் போடுவது எல்லாம் லேப்டாப்பில். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. இந்த வருடக் கையெழுத்து இன்னும் ஆகவில்லை.

இதில் ஒரு சிக்கல், சின்னவள். பேக்கரிக்காரரின் தங்கை. முப்பது தாண்டியும் வீட்டில் கடைசி என்பதால் சின்னவள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. விடியற்காலையில் மாவு பிசைவாள், டின்னுக்கு எண்ணெய் தடவுவாள், மத்தியானம் மேலே வந்து சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பாள். அண்ணன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கத்தான் செய்தது. ஆனாலும் அது அண்ணன் வீட்டுச் சோறு. பேக்கரி வகுப்பில் தேறினால் ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் வேலையும் தங்க இடமும் கிடைக்கும் என்று தெரிந்தவுடன் அவள் விண்ணப்பம் போட்டுவிட்டாள். நிலையத்தில் பேக்கரிக்கு ஒரே ஒரு பிரிவுதான். அதை நடத்துவது அண்ணி.

"வீட்டு ஆளே உங்க வகுப்புல இருக்காங்க. பார்த்து நடந்துக்குங்க மேடம்" என்று ஒருங்கிணைப்பாளர் முதல் நாளே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு டீச்சருக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. நேர்மை விஷயத்தில் அவளுக்கு வியாதி மாதிரி ஒரு பிடிவாதம் உண்டு. அன்றைக்குச் சாயங்காலமே சட்டம் போட்டாள்.

"பாடத்தைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை பேசக் கூடாது. சந்தேகம் இருந்தா வகுப்புல கேளு. நான் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருந்தா அந்தப் பக்கம் வராதே."

"சரி அண்ணி" என்றாள் சின்னவள்.

"ஒரே தட்டுல சோறு, நடுவுல ஒரு சுவரா?" என்றாள் அத்தை.

"சுவர் இருந்தாத்தான் அத்தை, நாளைக்கு யாரும் வாயில போட்டு மெல்ல மாட்டாங்க."

அதோடு விடவில்லை. அசைன்மென்ட் திருத்தும்போது மாணவர்களின் பெயரை மறைத்து, வெறும் எண்ணை மட்டும் காட்டுகிற வசதி அந்த ஆன்லைன் முறையில் இருந்தது. மற்ற ஆசிரியர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. டீச்சர் முதல் நாளிலிருந்தே பெயரை மறைத்துத்தான் திருத்தினாள். எந்தத் தாள் யாருடையது என்று தெரியாமல் மார்க் போடுகிற தன்னை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வாரம் அது. மாவு சோம்பேறியாகக் கிடந்தது. வழக்கமாக டின் விளிம்பைத் தொடுகிற நேரத்தில் பாதி டின்கூட ஏறவில்லை. பேக்கரிக்காரர் ஈரத் துணியை வெந்நீரில் பிழிந்து மாவின் மேல் போர்த்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர் போல நின்றிருந்தார். டீச்சருக்கு மேலே இணையம் சரியாகக் கிடைக்கவில்லை. கீழே வந்து மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அசைன்மென்ட் தயார் செய்தாள்.

புதிதாக ஒன்றை ஆரம்பத்திலிருந்து உருவாக்க நேரம் பிடிக்கும். அதனால் எல்லா ஆசிரியர்களும் செய்வதைத்தான் அவளும் செய்வாள்: போன பருவத்து அசைன்மென்ட்டை அப்படியே நகலெடுத்து, கேள்வியையும் கெடு தேதியையும் மாற்றிவிடுவாள். அன்றைய கேள்வி: மழைக் காலத்தில் ரொட்டி மாவு பொங்கத் தாமதமானால் என்ன செய்வீர்கள், எந்தச் சூட்டில் சுடுவீர்கள்? கீழே ஆசிரியருக்கான கட்டத்தில் மாதிரி விடை எழுத வேண்டும். திருத்தும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை. அவள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பேக்கரிக்காரர் உள்ளே பார்த்துக் கத்தினார், "ஏம்மா, நூத்தித் தொண்ணூறுல வை." சின்னவள் குமிழைத் திருப்பினாள். டீச்சர் எழுதி முடித்து, வெளியிடு என்ற பொத்தானை அழுத்திவிட்டு மேலே போனாள்.

மறுநாள் காலை சின்னவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் போன். தலைமுடியில் மாவு.

"அண்ணி, அந்த அசைன்மென்ட்ல..."

"வகுப்புல கேளு."

"கேக்கறதுக்கு இல்ல அண்ணி. நீங்க ஒரு தடவை பாத்தா..."

"உனக்கு ஒரு தடவை சொன்னா புரியாதா? உன் ஒருத்திக்கு நான் தனியா எதையாவது பார்த்துச் சொன்னேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துச்சுன்னா யார் பதில் சொல்றது?"

சின்னவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். அன்று மத்தியானம் சாப்பிடும்போது ரசத்தை ஊற்றிக்கொண்டே மறுபடி, "அண்ணி, நீங்க கோபப்படலைன்னா..." என்று ஆரம்பித்தாள். டீச்சர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு சின்னவள் வாயைத் திறக்கவில்லை.

கெடு முடிந்து டீச்சர் திருத்த உட்கார்ந்தாள். முதல் தாளில் எல்லாம் சரி, சூடு மட்டும் நூற்றுத் தொண்ணூறு டிகிரி. வகுப்பில் இருநூற்று இருபது என்று தொண்டை கிழியச் சொன்னது. கவனக்குறைவு என்று மார்க்கைக் குறைத்தாள். அடுத்ததிலும் நூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்ததிலும். வாக்கியங்கள் வேறு வேறாக இருந்தன. ஒருவர் சுருக்கமாக, ஒருவர் வளவளவென்று. எண் மட்டும் அதே எண்.

நடுவில் ஒரே ஒரு தாள் வித்தியாசமாக வந்தது. இருநூற்று இருபது என்று எழுதி, மழை நாளில் மாவு எப்படி அடம் பிடிக்கும், வெந்நீர்த் துணி போர்த்தினால் எப்படி இறங்கி வரும் என்று அனுபவித்து எழுதியிருந்தது. டீச்சருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பத்துக்கு ஒன்பது போட்டு, "மிக நன்று. உங்கள் கை பேசுகிறது" என்று கீழே குறிப்பும் எழுதி, அந்த மார்க்கை அப்போதே அனுப்பினாள்.

பிறகு மீதித் தாள்கள். எல்லாம் நூற்றுத் தொண்ணூறு.

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மாதிரி விடையைத் திறந்து பார்த்தாள். அதிலும் நூற்றுத் தொண்ணூறு. வீட்டு ஓவனின் எண்ணைக் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டிருக்கிறது. எழுதியது தப்பு, போகட்டும். ஆனால் இந்த வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற பொய் எண் ஊரெல்லாம் எப்படிப் போயிற்று? அவளுடைய மாதிரி விடையை யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்து வெளியே கொடுத்திருக்கிறார்கள். லேப்டாப் இருந்தது கீழே, மாவு மூட்டைக்குப் பக்கத்தில். நடுவில் ஒரு தடவை அவள் காபி குடிக்க எழுந்து போயிருந்தாள்.

பெயர்களை மறைத்திருந்த திரையை அன்றைக்குத்தான் முதல் முறையாக விலக்கினாள். இருநூற்று இருபது என்று எழுதிய அந்த ஒற்றைத் தாளுக்கு மேலே சின்னவளின் பெயர் இருந்தது.

சந்தேகம் வந்த மனசுக்குச் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. எல்லோருக்கும் தப்பைக் கொடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் சரியானதை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஏன்? வீட்டு எண் தன் தாளில் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்திருக்கிறது. ஹோட்டல்காரர்கள் எல்லோரையும் எடுக்கப்போவதில்லை. மற்றவர்கள் சறுக்கினால் இவளுக்கு வழி. காலையில் போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாளே, அது நோட்டம் பார்க்கத்தானே? நான் எதையாவது மோப்பம் பிடித்துவிட்டேனா என்று பார்க்கத்தானே? ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கப் பார்க்க அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. டீச்சர் லேப்டாப்பை மூடினாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்றுதான் தோன்றியது.

ஒருங்கிணைப்பாளரின் அறையில் மின்விசிறி காகிதங்களைக் கிளப்பிக்கொண்டிருந்தது. டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். தன் கை தவறி எண்ணைத் தப்பாக எழுதியதையும் மறைக்காமல் சொன்னாள்.

"நீங்களே வந்து சொன்னது நல்லதுதான் மேடம். வேற வழியா என் காதுக்கு வந்திருந்தா உங்க ஒப்பந்தமே கேள்விக்குறியாயிருக்கும்" என்றார் அவர். "அவங்க ஆன்லைன் கணக்கை முடக்கி வைக்கிறேன். விசாரணை வரைக்கும் வகுப்பு கிடையாது, ஹோட்டல் தேர்வும் கிடையாது. என்ன குற்றம்னு நீங்க வீட்டுல மூச்சு விடக் கூடாது. விட்டா ஆதாரத்தை அழிச்சிடுவாங்க."

"நான் எதுவும் பேச மாட்டேன் சார்."

பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதா என்ன.

அன்று சாயங்காலம் சின்னவள் போனை நீட்டிக்கொண்டு படியேறி வந்தாள்.

"அண்ணி, என் கணக்கை மூடிட்டாங்க. ஒழுங்கு மீறல்னு போட்டிருக்கு. நான் என்ன பண்ணேன்?"

"விசாரணையில சொல்வாங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்கிட்ட கேக்காதே."

"நான் பண்ணது என்னன்னாவது சொல்லுங்க அண்ணி. புதன்கிழமை ஹோட்டல்காரங்க வராங்க. திட்டணும்னா திட்டுங்க. எதுக்குன்னு சொல்லிட்டுத் திட்டுங்க."

டீச்சர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். நடிப்பு எவ்வளவு இயல்பாக வருகிறது பார் என்று நினைத்தாள். அப்படி நினைத்த அதே நேரத்தில் நெஞ்சில் ஏதோ கனத்தது. இரண்டையும் சேர்த்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

வீடு நாக்கைச் சுருட்டிக்கொண்டது. சின்னவள் மாவு பிசைந்தாள். மெஷின் இருக்கும்போது கையாலேயே பிசைந்தாள், மேஜை கிடுகிடுக்க. ஒரு ரொட்டியும் கெட்டுப்போகவில்லை. அதுதான் டீச்சருக்கு உறுத்தியது. மடியில் கனமில்லாதவள் இப்படியா ஒழுங்காக வேலை செய்வாள்? அழுது புரள வேண்டாமா?

"என்னடி நடக்குது இந்த வீட்டுல?" என்றாள் அத்தை, கல்லாவில் இருந்தபடி. "ஒருத்தி மாவைப் போட்டு அடிக்கிறா. ஒருத்தி படியில பூனை நடை நடக்கிறா. எனக்கு யாராவது சொன்னா நானும் யார் பக்கம் சேரணும்னு முடிவு பண்ணுவேன்."

"நீங்க ரொட்டியைக் கட்டுங்க அத்தை."

"கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். வாயையும் சேர்த்துக் கட்டணுமா?"

அடுத்த அசைன்மென்ட்டுக்கு நேரம் வந்தது. டீச்சர் இந்த முறை கண்ணி வைத்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். மேலே அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, போன அசைன்மென்ட்டை நகலெடுத்து, கேள்வியை மாற்றி, மாதிரி விடையில் வேண்டுமென்றே ஒரு பொய்யை எழுதினாள்: பிசைந்த மாவுக்குப் பதினேழு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். உலகத்தில் எந்தப் பேக்கரியிலும் பதினேழு நிமிடம் என்று ஒரு கணக்கு கிடையாது. நடுவில் பேக்கரிக்காரர் கதவைத் தட்டித் தேநீர் கொண்டுவந்தார். மனைவி ராப்பகலாக வேலை செய்கிறாளே என்று தோளைப் பிடித்துவிட்டார். அவ்வளவுதான்.

சின்னவளின் கணக்கு முடங்கிக் கிடந்தது. லேப்டாப் பக்கமே அவள் வரவில்லை. கெடு முடிந்தது. டீச்சர் முதல் தாளைத் திறந்தாள். பதினேழு நிமிடம். இரண்டாவது தாள், பதினேழு நிமிடம். ஒருவர் "சரியாகப் பதினேழு" என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

சின்னவள் இல்லை என்றால் வேறு யார்? அறைக்குள் வந்தது ஒரே ஒரு ஆள். தங்கை மேல் உயிரை வைத்திருக்கிற அண்ணன். தேநீர் எதற்கு அன்றைக்கு மட்டும் மேலே வந்தது? என்றைக்கு இவர் தோளைப் பிடித்துவிட்டிருக்கிறார்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கீழே இறங்கிப் போனாள். சின்னவள் ஒருங்கிணைப்பாளரை எப்படியாவது பார்த்துவிடலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போயிருந்தாள். பேக்கரிக்காரர் ஆறிய ரொட்டிகளை டின்னிலிருந்து தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எதுக்கு டீ கொண்டு வந்தீங்க?"

"எந்த டீ?"

"ரூமுக்கு. கதவைச் சாத்தி வேலை பார்த்தேனே, அப்ப."

"டீ குடிக்கத்தான்." அவர் டின்னைக் கீழே வைத்தார். "என்ன கேள்வி இது?"

"என் மாதிரி விடை வெளியில போகுது. போன தடவையும் போச்சு. இந்தத் தடவையும் போயிருக்கு. போன தடவை உங்க தங்கச்சின்னு நினைச்சேன். அதான் அவ கணக்கை மூடியிருக்காங்க. இந்தத் தடவை அந்த ரூமுக்குள்ள வந்தது நீங்க மட்டும்தான்."

பேக்கரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். அடங்கிய ஆள். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும்.

"அவ கணக்கை மூட வச்சது நீயா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்குவாளா?"

"என்கிட்ட கேக்கிறியே, நான் ஒத்துக்குவேனா? என்கிட்ட கேக்கலாம், அவகிட்ட கேக்கக் கூடாது. ஏன்னா நான் புருஷன். அவ இந்த வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கறவ. அப்படித்தானே?"

கல்லாவில் அத்தையின் கத்தி பாதி ரொட்டியில் நின்றது. ஊர் நியாயம் பேசுகிறவள் வீட்டு நியாயத்துக்கு வாய் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வேன்காரர் உள்ளே நுழைந்தார். இருபது வருடம் வேன் ஓட்டி முதுகு போனதால் பேக்கரி வேலை கற்றுக்கொள்ள வந்தவர். டீச்சரின் வகுப்பிலேயே வயதில் மூத்த மாணவர். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, "ஈஸ்ட் ஒரு பாக்கெட் குடுங்கம்மா" என்றார் அத்தையிடம். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"வணக்கம் மேடம். நல்ல வேளை பார்த்தேன். அது என்ன மேடம் பதினேழு நிமிஷம்? வீட்டுல பேரனை விட்டு மணி பாக்கச் சொன்னேன். அவன் விளையாட்டுல மறந்துட்டான், பதினெட்டு ஆயிடுச்சு. மாவு ஒண்ணும் கோவிச்சுக்கலையே."

டீச்சர் அவரை உற்றுப் பார்த்தாள். கடைசியில் கையும் களவுமாக ஒருவர், தானே வந்து.

"பதினேழுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான்."

"நான் எப்ப சொன்னேன்?"

"கேள்விக்குக் கீழயே போட்டிருந்தீங்களே மேடம். மாதிரி விடைன்னு." அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளித் திறந்து நீட்டினார். "இதோ. போன தடவையும் போட்டிருந்தீங்க. நல்ல விஷயம்தான்னு நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். முன்னெல்லாம் போட மாட்டீங்க. படிச்சுட்டு சொந்த வார்த்தையில எழுதச் சொல்றீங்கன்னு புரிஞ்சுக்கிட்டோம். நூத்தித் தொண்ணூறு மட்டும் கொஞ்சம் இடிச்சுது. வகுப்புல வேற சொன்னீங்களே. சரி, மழைக் காலத்துக்கு வேற கணக்கு போலன்னு எழுதிட்டோம்."

போன் திரையில் அவள் எழுதிய விடை, அவளுடைய வார்த்தைகளில், முற்றுப்புள்ளி மாறாமல் இருந்தது.

வேன்காரர் ஈஸ்ட்டை வாங்கிக்கொண்டு போன பிறகு டீச்சர் படியேறினாள். லேப்டாப்பைத் திறந்தாள். மாதிரி விடைக் கட்டத்துக்குக் கீழே, கண்ணில் படாத சின்ன எழுத்தில் "மாணவர்களுக்குக் காட்டு" என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு டிக். போன பருவத்தில், கெடு முடிந்த பிறகு பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளே போட்டது. அந்த அசைன்மென்ட்டைத்தான் நகலெடுத்தாள். நகலோடு நகலாக டிக்கும் வந்துவிட்டது. அதை மறுபடி நகலெடுத்தாள். மறுபடியும் வந்தது.

திருடன் யாரும் இல்லை. திருட்டே நடக்கவில்லை. ஒரு வகுப்பு முழுக்க டீச்சர் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் கை யோசிக்கவே இல்லை. முதல் அசைன்மென்ட்டில் டிக்கை எடுத்தாள். இரண்டாவதிலும் எடுத்தாள். சேமித்தாள். வேன்காரர் அப்பாவி. அவர் இதைப் பெரிதாக யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஒப்பந்தக் கையெழுத்து இந்த வாரம். விசாரணை என்று ஒன்று வந்தால், ஆதாரம் போதவில்லை என்று தானே சொல்லி மெதுவாக ஆற்றிவிடலாம். ஹோட்டல்காரர்கள் அடுத்த வருடமும் வராமலா போவார்கள்? இப்படியெல்லாம் தனக்கு யோசிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உடம்பு கூசியது.

கீழே ஷட்டர் சத்தம் கேட்டது. சின்னவள் திரும்பி வந்திருந்தாள். அண்ணனின் தணிந்த குரல் கொஞ்ச நேரம் ஓடியது. டீச்சர் இறங்கிப் போனபோது சின்னவள் நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு மேஜை ஓரமாக நின்றிருந்தாள். ஒருங்கிணைப்பாளர் அவளைப் பார்க்கவில்லை. வராந்தாவிலேயே உட்கார வைத்து அனுப்பிவிட்டார்.

அவள் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த விடையை மறைச்சுட்டீங்களா அண்ணி?"

யாரும் அதை அவளுக்குச் சொல்லியிருக்க முடியாது. பேக்கரிக்காரருக்கே தெரியாது. டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மறைச்சுட்டேன்" என்றாள்.

"ம்" என்றாள் சின்னவள்.

அத்தை மருமகளையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். "யாராவது ஏதாவது பேசுங்க" என்றாள். பதில் வராததால் ரொட்டியை அறுத்தாள்.

டீச்சர் அங்கேயே, மாவு மூட்டைக்குப் பக்கத்தில், அதே ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்தாள். ஒருங்கிணைப்பாளர் எடுத்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், விடை என் வீட்டுலேர்ந்து போகல. நான்தான் எல்லாருக்கும் காட்டி வச்சிருந்தேன். ரெண்டு அசைன்மென்ட்லயும். இப்ப கொஞ்ச நேரம் முன்னாடி அந்த டிக்கை எடுத்துட்டேன். எடுத்தது தப்பு. திரும்பப் போட்டு வைக்கிறேன், மாணவர் பார்வையில திறந்து நீங்களே பார்த்துக்கங்க. அந்தப் பொண்ணு எதுவும் பண்ணல."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எழுத்து மூலமா கொடுங்க" என்றார் கடைசியில். "கணக்கை இப்பவே திறந்துவிடச் சொல்றேன். நாளைக்கு ஹோட்டல் தேர்வுக்கு அவங்க வரட்டும். உங்க விஷயத்தை அப்புறம் பேசுவோம். கையெழுத்துக்கு இப்போதைக்கு வர வேண்டாம்."

"சரி சார்."

பேக்கரிக்காரர் டின்களை அடுக்க ஆரம்பித்தார். சாயங்கால ரொட்டிக்கு மாவு காத்திருந்தது. இந்த முறை மழையிலும் ஒழுங்காகப் பொங்கியிருந்தது.

டீச்சர் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தவளுக்கு, கேள்விதான் வந்தது. கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்.

"ரெண்டு வாட்டி சொல்ல வந்தியே. நான் காது கொடுக்கல. சரி. ஆனா நீயும் அந்த விடையைப் பார்த்திருக்கே. எல்லாரும் நூத்தித் தொண்ணூறு எழுதினாங்க. நீ மட்டும் ஏன் மாத்தி எழுதினே? அதை வச்சுத்தான் நான்..."

சின்னவள் மாவை வெட்டி, உருட்டி, டின்னில் போட்டாள். அடுத்த உருண்டையையும் போட்டாள்.

"அது நம்ம ஓவன் நம்பர் அண்ணி. பார்த்ததுமே தெரிஞ்சுது, அண்ணன் கத்தினதை எழுதிட்டீங்கன்னு. நானும் அதையே எழுதினா, வீட்டுல நீங்க சொல்லிக் கொடுத்து நான் எழுதினேன்னு பேச்சு வரும். உங்களுக்குத்தானே அந்தப் பயம். அதான் வகுப்புல சொன்னதையே எழுதினேன்."

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் மாவானது.

"ஒன்பது மார்க் போட்டீங்க" என்றாள் சின்னவள், குரலை உயர்த்தாமல். "உங்கள் கை பேசுகிறதுன்னு எழுதியிருந்தீங்க. இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு யாரும் என்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. திரும்பத் திரும்ப எடுத்துப் படிச்சேன். மறுநாளே கணக்கை மூடிட்டாங்க. இப்பதான் அண்ணன் சொல்லித் தெரியுது. பேரைப் பார்க்காத வரைக்கும் நான் நல்லாத்தான் எழுதியிருக்கேன். பேரைப் பார்த்ததும் திருடியாயிட்டேன்."

டீச்சர் கையிலிருந்த மாவைப் புடவையில் துடைத்தாள்.

"தள்ளிக்குங்க அண்ணி" என்றாள் சின்னவள். டின் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு ஓவனுக்குப் போனாள். குமிழை நூற்றுத் தொண்ணூறில் வைத்தாள். பிறகு, நாளைக்கு ஹோட்டல் தேர்வுக்குப் போட்டுக்கொள்ள வெள்ளை மேலங்கியைத் தேய்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு மேலே போனாள்.